கனடாத் தக்காளிக்கு ஓர் அத்தாட்சி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
17.07.1997

என்றும் அன்பு குறையாத மச்சான் பாக்கியரத்தினத்துக்கு,

கோணேசர் புண்ணியத்தில் நானும் உமது அக்கா புஷ்பவதியும் இன்று காலை பத்தரை மணி வரை சுகம். பத்தரைக்குப் பிறகு நடப்பதற்கு நானும் பொறுப்பில்லை, கோணேசரும் பொறுப்பில்லை. கனடாவில் நீரும் மனைவி பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை இடைவழியில் திறந்து வாசிக்கிற அன்பருக்கும் என் வணக்கம். ஐயா, இதில் தக்காளியைத் தவிர வேறு ஒன்றுமில்லை, தக்காளி என்று எழுதியிருந்தால் அது தக்காளிதான். வாசித்து முடித்ததும் தாள்களைத் தயவுசெய்து வரிசையாக மடித்து வையுங்கள். போன முறை மூன்றாம் பக்கம் முதலாம் பக்கத்துக்கு முன்னால் வந்ததால், நான் செத்த பிறகு எனக்குக் காய்ச்சல் வந்ததாக மச்சான் விளங்கிக்கொண்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீர் அனுப்பிய தக்காளி காய்த்துத் தள்ளுகிறது. ஆனால் இரண்டு மாதமாக நான் ஒரு பழத்தைக் கண்ணால் காணவில்லை. யாரோ களவெடுக்கிறார்கள். ஆர் என்பதையும் இப்போது கண்டுபிடித்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை ஆமி முகாமுக்கு நேரில் போய் அங்குள்ள பெரியவரிடம் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். அதற்கு உம்மிடமிருந்து ஓர் அத்தாட்சி தேவை. இது கனடா நாட்டுத் தக்காளி, இதன் ஒரு பழம் இன்ன நிறை, இன்ன சுற்றளவு என்று ஆங்கிலத்தில் எழுதி, அடியில் ஒரு முத்திரை குத்தி அனுப்பும். எந்தக் கந்தோரின் முத்திரையானாலும் பரவாயில்லை, வட்டமாக இருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், சதுர முத்திரையை இந்த நாட்டில் ஒருவரும் மதிப்பதில்லை. அத்தாட்சி பிந்தி வந்தாலும் முறைப்பாட்டோடு பிறகு இணைத்துக்கொள்வேன்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் உமக்கு விளங்கும். பென்ஷன் எடுத்த நாளிலிருந்து நான் தினமும் காலையில் துறைமுக வாசலடிக்கு நடந்து போய், கப்பல் பார்த்து, பழைய ஆட்களோடு ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வருவது உமக்குத் தெரியும். போன மாசி மாதம் அப்படிப் போகும்போது ஆமிச் சாவடியில் ஒருவர், "எங்க போறது? எதுக்குக் கப்பல் பாக்கிறது?" என்று கேட்டார். கேட்டதற்கு நான் மரியாதையாகத்தான் பதில் சொன்னேன். "கப்பல் பார்க்கவில்லை, அதைக் கட்டியிருக்கிற கயிற்றைப் பார்க்கிறேன், கட்டியவனுக்குக் கட்டத் தெரியாது, ஒரு நல்ல காற்றடித்தால் கப்பல் மூதூருக்குப் போய்விடும்" என்றேன். ஓர் அனுபவசாலியின் ஆலோசனை. அதற்கு நன்றி சொல்லாமல், உனக்கு எப்படிக் கயிற்றைப் பற்றி இவ்வளவு தெரியும் என்று கேட்டு, ஒரு கதிரையில் பின்னேரம் நாலு மணி வரை இருத்தி வைத்தார்கள். கதிரைக்கு ஒரு கால் கட்டை. அதையும் நான் சொல்லிக்காட்டினேன். உமது அக்கா எங்கள் பகுதிக்குப் பொறுப்பான விதானையாரையும் கூட்டிக்கொண்டு, என் பென்ஷன் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்தபடி வெயிலில் நின்றாள். வீட்டுக்கு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவை என்பதால் எனக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, அவள் முற்றத்தில் தன்னுடைய கொச்சிக்காய்ப் பாத்தியைக் கொத்திக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பாத்தியில் என் நிழல் விழுந்தாலே சண்டைக்கு வருகிறவள். "இஞ்சேருங்கோ, தம்பி அனுப்பின தக்காளி விதை சும்மா கிடக்கு. இந்தப் பாத்தியில போட்டுப் பாருங்கோவன். ஆனா பக்கத்தில நிண்டு பாக்கவேணும், விட்டிட்டுப் போகேலாது" என்றாள். என்னுடைய விவசாய அறிவில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. விதைப் பக்கற்றை நான் காணவில்லை. விதைகளை ஒரு வெறும் பனடோல் போத்தலுக்குள் போட்டுத் தந்தாள். நான் உடனே அட்லஸை எடுத்துக் கனடாவின் பருமனைப் பார்த்தேன். இலங்கையைப் போல் நூற்றைம்பது இலங்கை அதற்குள் போடலாம். தக்காளியும் அந்தக் கணக்கில் வராவிட்டாலும், ஒரு பழத்தில் ஒரு சட்டிக் கறி வைக்கலாம் என்று கணித்து, ஒழுங்கையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்.

பசளைக்கு யூரியா வாங்கலாம் என்றால் அதற்கு அனுமதிக் கடிதம் வேண்டும், கடிதத்துக்குப் படிவம் வேண்டும், படிவம் முடிந்துவிட்டது. ஆகவே தம்பலகாமத்திலிருந்து எங்கள் சொந்தக்காரப் பையன் சின்னராசா ஒரு சாக்கு மாட்டெரு பஸ்ஸில் கொண்டுவந்தான். வழியில் எல்லாரையும் இறக்கிச் சாமான்களை அவிழ்த்துப் பார்க்கிற இடத்தில் இவனுடைய சாக்கையும் கொட்டச் சொன்னார்கள். மேலே மாட்டெரு, நடுவில் மாட்டெரு, அடியில் வேறு ஏதோ இருக்க வேண்டும் என்று அடிவரை தேடினார்கள். அடியிலும் மாட்டெரு. பஸ்ஸில் வந்த மற்றச் சனம் சின்னராசாவை வீட்டுக்கு வரும்வரை ஏசியதாம். ஆனால் மச்சான், எரு தூளாகி, கல்லும் குச்சியும் பொறுக்கப்பட்டு, பாத்திக்குப் போடுகிற பக்குவத்தில் வந்து சேர்ந்தது. அரசாங்கம் எனக்கு இலவசமாகச் செய்து தந்த ஒரே வேலை அதுதான்.

கன்றுகள் வளர்ந்தன. சும்மா வளர்ச்சி இல்லை. தடி நட்டேன், தடியைத் தாண்டியது. துறைமுகத்துப் பழைய கயிறு கட்டினேன் (என்னுடைய கட்டு அவிழாது), கயிற்றையும் தாண்டி, 90 சண்டையில் ஒளிந்திருக்க வெட்டின பங்கரின் மேல் படர்ந்து, பக்கத்து அபூதாஹிர் வீட்டு வேலியை எட்டிப் பார்த்தது. வைகாசியில் குலை குலையாகக் காய். நெல்லிக்காய் அளவுக்கு வந்து, வெளிறி, இனிப் பருக்கப் போகிறது என்று நான் நினைக்கிற நேரம் பார்த்து அடுத்த நாள் காலையில் காணாமல் போகும். மொட்டைக் காம்புதான் மிச்சம். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பொறுக்கலாம். தினமும்! அன்றிலிருந்து சாய்மனைக் கதிரையை முற்றத்தில் போட்டுக் காவலிருக்கிறேன். துறைமுகப் பக்கம் கால் வைத்து ஐந்து மாதமாகிறது. கப்பல்களை யார் கட்டுகிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள் என்று ஒன்றும் தெரியாது.

முதலில் கோட்டை மான்கள் மேல்தான் சந்தேகம். அதுகளுக்கு ஊரடங்கும் இல்லை, ஐடென்ரி காட்டும் இல்லை, ரோட்டில் சனத்தைவிடச் சுதந்திரமாகத் திரிகின்றன. ஆனால் மான் இலையோடு சேர்த்து இழுத்துத் தின்னும். இந்தக் கள்ளன் ஓர் இலையைக்கூடக் கசக்காமல், பூவை உதிர்க்காமல், காம்பில் நகத்தை வைத்துப் பக்குவமாகக் கிள்ளுகிறான். கைப்பழக்கம் உள்ள ஆள். சரி, பறவையாகவும் இருக்கலாம் என்று நினைத்து ஒரு வெருளி கட்டினேன். என்னுடைய பழைய துறைமுகக் காக்கிச் சட்டை, காக்கிக் காற்சட்டை, தலைக்கு மண்சட்டி, சட்டிக்கு மேல் தொப்பி. நல்ல கம்பீரமான ஆள். அடுத்த நாள் காலையிலேயே மூலைச் சென்றியில் துவக்கோடு காவல் நிற்கிற மீசைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் விதானையாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். குடும்பப் பதிவில் இரண்டு பேர், முற்றத்தில் மூன்று பேர் என்பதுதான் அவர்களுடைய கணக்கு.

விதானையார் வியர்த்து ஒழுகியபடி, "ஞானசேகரம் ஐயா, ஆரிது?" என்று கேட்டார்.

"வெருளி."

"ஆற்றை வெருளி?"

"என்ர வெருளிதான். ஊர் தம்பலகாமம், வைக்கோல் அங்கையிருந்துதான் வந்தது."

மீசைக்காரர் கிட்டப் போய் அதன் தோளில் தட்டிப் பார்த்தார். தலை விழுந்து உடைந்தது. அந்த நேரத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க ஏலவில்லை. "இவருக்கு ஐடென்ரி காட்டுக்கு எழுதிக் குடுத்து மூண்டு மாசம், விதானையார் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை" என்று சிங்களத்திலும் தமிழிலும் சொன்னேன். உமது அக்கா குசினியிலிருந்து ஓடிவந்து என் காலை மிதித்தாள். நகம் இன்னும் கறுப்பு. நல்லவேளை, மீசைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காக்கி உடுப்பு மட்டும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். உமது அக்கா அன்றைக்கே வெருளிக்குத் தன்னுடைய பழைய பூப்போட்ட கவுணைப் போட்டு, தலைக்கு ஒரு துவாயையும் கட்டிவிட்டாள். இப்போது தூரத்திலிருந்து பார்த்தால் அவளேதான், வாய் மட்டும் இல்லை. ஒரு நாள் காலை கண்ணாடி போடாமல் யன்னலால் பார்க்கிறேன், வெருளி குனிந்து நிமிர்ந்தது. கச்சான் காற்று இந்த வருஷம் சரியான மோசம்.

பிறகுதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. நாள் முழுக்கக் காவலிருக்கிற நான் காலையில் எப்போது முற்றத்தில் இல்லை? வானொலியில் மரண அறிவித்தல் போகும்போது. அதை நான் உள்ளே இருந்து, கடதாசியும் பென்சிலுமாகக் கேட்பேன். செத்தவருக்கு நாங்கள் என்ன முறை என்று கண்டுபிடிக்கவே நேரம் போய்விடும். அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் களவு நடக்கிறது. அப்படியானால் கள்ளன் என் வானொலிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறான். வேலிக்கு அந்தப் பக்கம் அபூதாஹிர். கிண்ணியாவிலிருந்து வந்து பதினைந்து வருஷமாகப் பக்கத்து வளவில் இருக்கிற மனிதர், ஒரு நாள் முகம் கோணாதவர். என்றாலும் சட்டம் சட்டம்தானே. வேலியடியில் போய் நின்று நேரே கேட்டேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, "அண்ண, களவெடுக்க நெனச்சா நான் ஒங்கட தக்காளியவா எடுப்பன்? கெணத்து மோட்டர எடுக்க மாட்டனா?" என்றார்.

நியாயமான கேள்வி. அன்று மத்தியானமே அவர் மனைவி ஸல்ஹா ஒரு கோப்பை தக்காளிச் சம்பல் கொடுத்துவிட்டாள். அப்படி ஓர் இனிப்பான சம்பல் நான் சாப்பிட்டதில்லை. களவெடுத்த பொருளைச் சமைத்துச் சொந்தக்காரனுக்கே அனுப்புகிற துணிச்சல் ஒருவருக்கும் வராது. ஆகவே அபூதாஹிர் குற்றமற்றவர் என்று தீர்ப்பெழுதினேன். இதற்கிடையில் ஒன்று சொல்ல வேண்டும், இந்த இரண்டு மாதமாக உமது அக்கா வைக்கிற சொதியும் இனிக்கிறது. வயது போகப் போகச் சிலருக்குக் கை ருசி கூடுமாம்.

கடைசியில் கள்ளன் தானாகவே மாட்டினான். செவ்வாய்க்கிழமை பாணுக்குப் போகும்போது மூலைச் சென்றி மீசைக்காரர் என்னைக் கண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "மாத்தயா, தக்காலி ஹறி ரசய்!" என்றார். தக்காளி சரியான ருசியாம். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதை மறந்துவிட்டாரோ? விதைத்தவன் நான், தண்ணீர் ஊற்றியவன் நான், எனக்கே ருசி தெரியாத பழத்தின் ருசி அவருக்கு எப்படித் தெரியும்? யோசித்துப் பார்த்தால், முன்னம் ஒவ்வொரு நாளும் ஐடென்ரி காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனிதர் இரண்டு மாதமாக என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. குற்ற உணர்ச்சி! இதை வைத்துத்தான் ஏழு பக்கத்தில் முறைப்பாடு எழுதி வைத்திருக்கிறேன். அதில் கயிறு விஷயத்தையும், கதிரைக் கால் விஷயத்தையும் கடைசிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். பெரியவரைக் காணக் கிடைப்பது ஒரு தரம்தான், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

இதைச் சொன்ன நாளிலிருந்து உமது அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. "போகவேண்டாம், தக்காளி போனாப் போகட்டும்" என்று ஒரே பாட்டு. பின்வீதிக் குணரத்தினத்தாரின் கதையை எடுக்கிறாள். சித்திரையில் மண்ணெண்ணெய் வாங்கக் கானோடு போன குணரத்தினத்தார் இன்னும் வரவில்லை. எங்கே போனார், ஆர் கண்டது, ஒருவருக்கும் தெரியாது. மச்சான், இதை நான் பகிடியாக எழுதவில்லை. அவர் மனைவி தங்கரத்தினம் இன்றைக்கும் படலையைக் கொளுவுவதில்லை. ஆனால் குணரத்தினத்தார் வாய் திறக்காத மனிதர், எனக்கு மூன்று பாஷையில் பேசத் தெரியும், எனக்கு என்ன நடக்கும் என்று கேட்டேன். "அதுதான் எனக்குப் பயம்" என்றாள். பெண்களோடு நியாயம் பேசி வெல்ல ஏலாது. எப்படியும் திங்கட்கிழமை காலை, மரண அறிவித்தல் முடிந்ததும், நான் புறப்படுகிறேன்.

வேறு விசேஷம் இல்லை. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அவர்கள் தமிழும் படித்து, குளிருக்குக் காதையும் மூடி, நீடூழி வாழ வேண்டும். உமது மனைவிக்கு என் அன்பு. வழியில் வாசித்த அன்பருக்கு நன்றி, உங்கள் வீட்டிலும் எல்லாரும் நேரத்துக்கு வீடு வந்து சேர்வார்களாக. கடிதத்தை ஒட்டித் தபாலில் போட உமது அக்காவிடம் கொடுக்கிறேன். மற்றவர்களின் கடிதத்தை வாசிக்கிற பழக்கம் அவளிடம் கிடையாது, அந்த விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவன்.

இப்படிக்கு,
களவு கொடுத்தும் தலை நிமிர்ந்து நிற்கும் மச்சான்,
ஞானசேகரம்
(இளைப்பாறிய துறைமுகக் களஞ்சிய எழுதுவினைஞர்)

பி.கு: தம்பி, அக்கா எழுதுறன். அத்தான் ஒட்டச் சொல்லித் தந்தவர், நான் வழமைபோல வாசிச்சுப் போட்டுத்தான் ஒட்டுறன். கள்ளன் நான்தான். நீ அனுப்பின பக்கற் அரிசிப் பெட்டிக்குள்ள கிடக்கு, செரி தக்காளி எண்டு எழுதி, கோலிக்குண்டு மாதிரிக் குட்டிக் குட்டிப் பழம் படத்தில கிடக்கு. அது அவ்வளவுதான் வளரும் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். நிறம் மாறத் தொடங்கினதும், அவர் செத்த ஆக்களின்ர பேர் எழுதிற நேரம் பாத்துக் கிள்ளி, அரிசிக்குள்ள பழுக்க வைக்கிறன். யன்னலால அவர் கண்ட வெருளியும் நான்தான். அரைவாசி சொதிக்கு, ஒரு கோப்பை ஸல்ஹாவுக்கு, ஒரு கோப்பை மூலையில நிக்கிற மீசைக்காரருக்கு. அதுக்குப் பிறகு அந்த மனிசன் இவரை மறிக்கிறேல்லை. பழுத்திட்டுது, இவ்வளவுதான் எண்டு தெரிஞ்சால் இவர் அடுத்த நாளே செருப்பைப் போட்டுக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போயிடுவார். தக்காளி பருக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிற வரைக்கும் படலைக்கு உள்ளுக்கு இருப்பார். எனக்கு அது காணும் தம்பி. அண்டைக்கு அந்த வெயிலில நிண்ட மாதிரி இன்னொருக்கா என்னால நிக்கேலாது. தங்கரத்தினம் இன்னும் நிக்கிறாள்.

திங்கட்கிழமைக்கு வழி பண்ணிப்போட்டன். சின்னராசாவிட்டச் சொல்லி, சந்தையில இருக்கிறதுக்குள்ள பெரிய தக்காளியா, அரைப்பழமா ஒண்டு எடுப்பிச்சு வைச்சிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை மரண அறிவித்தல் போற நேரத்தில அதைப் பச்சை நூலால கொடியில கட்டிவிடுவன். கண்டால் முகாமும் இல்லை, முறைப்பாடும் இல்லை, கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டு அதைக் காக்கத் தொடங்கிவிடுவார். படம் பிடிச்சு உனக்கு அனுப்புவார். நூல் தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி எழுது. அவர் கேட்ட அத்தாட்சியையும் கட்டாயம் அனுப்பு. ஆனா நிறை, சுற்றளவு ஒண்டும் வேண்டாம். இது மெல்லப் பருக்கிற சாதி, நட்டவர் நாள் முழுக்கப் பக்கத்தில இருந்தால்தான் பருக்கும், சண்டை முடியுமட்டும் காய்க்கும் எண்டு எழுது. முத்திரை வட்டமா இருக்கட்டும். வட்ட முத்திரை எண்டால் அவர் நம்புவார்.